வாரா வாரம் மருந்து அடிச்சும் பத்தே நாள்ல பூச்சி திரும்ப வருதே, ஏன்?

நீங்க கேட்டது "எந்த ஸ்ப்ரே ரொம்ப பவர்ஃபுல், பேரு மட்டும் சொல்லுங்க"ன்னு. ஆனா அதுக்கு மேல நீங்களே எழுதின விவரத்தைப் படிச்சா வேற ஒரு கேள்வி தெரியுது. வாரா வாரம் அடிக்கிறீங்க, அடிச்ச அன்னைக்கு கொத்துக்கொத்தா செத்து விழுது, ஒரு பத்து நாள் போனா பழையபடி ஆயிடுது, வீட்ல கைக்குழந்தை இருக்கு, பகல்லயே கொசு கடிக்குது, கிச்சன்ல சின்னச் சின்னதா கரப்பான், மெத்தையில படுத்து எழுந்தா தடிப்பு, போதாததுக்கு வெளிய போய்ட்டு வர்ற ஒரு பூனை. அப்ப நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டு விஷயம், செத்துப் போன பூச்சி எப்படி பத்து நாள்ல திரும்ப வருது, இதுல எது நிஜமாவே வியாதியைக் கொண்டு வரும். நான் படிச்சது பூச்சியியல், ரொம்ப வருஷமா வேலையும் நோய் பரப்புற பூச்சிகளைக் கட்டுப்படுத்துற பக்கம்தான். டாக்டர் கிடையாது. அதனால தடிப்பை போட்டோ எடுத்துப் போட்டு இது எது கடிச்சதுன்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, கடிச்ச அடையாளத்தை மட்டும் வச்சு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுங்கறதுதான் நிஜம்.

அந்த பத்து நாள்தான் இதுல பெரிய துப்பு. கண்ணுக்குத் தெரியுற, பறக்குற ஓடுற பூச்சி அந்தக் கூட்டத்துல ஒரு பகுதிதான், மீதி முட்டையாவும் குஞ்சாவும் கூட்டுப்புழுவாவும் வேற எங்கயோ இருக்கு. நீங்க அடிக்கிற ஸ்ப்ரே முக்கால்வாசி அந்த இடத்துக்குப் போறதே இல்ல, போனாலும் முட்டை ஓட்டைத் தாண்டாது. வளர்ற விதத்துல வீட்டுப் பூச்சிங்க ரெண்டு ஜாதி. கொசு, ஈ, தெள்ளுப்பூச்சி இதெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் முழுப்பூச்சின்னு நாலு கட்டம். இதுல புழு இருக்கிற இடமும் அது தின்னுறதும் பெரிய பூச்சியோடதுக்கு சம்பந்தமே இல்லாம இருக்கும். கரப்பான், மூட்டைப்பூச்சி, பேன் இதுங்களுக்கு புழுப் பருவம் கிடையாது, முட்டையிலிருந்து வெளிய வர்றப்பவே அப்பா அம்மா சாயல்ல குட்டியா வந்து, தோலை உரிச்சு உரிச்சு வளரும், பெருசுங்க கூடவே ஒரே இடுக்குல குடியிருக்கும். இதை ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற பாடம்னு நினைக்காதீங்க, எங்க அடிக்கணும், எத்தனை நாள் கழிச்சு திரும்ப அடிக்கணும்னு முடிவு பண்றதே இதுதான். முதல் ஜாதிக்கு புழு வளர்ற இடத்தைக் காலி பண்ணாலே போதும், ரெண்டாவது ஜாதிக்கு அப்படித் தனியா ஒரு இடம் இல்ல, ஒளிஞ்சிருக்கிற இடுக்கைத் தேடித்தான் போகணும்.

கொசுவை முதல்ல எடுத்துக்குறேன், உங்க லிஸ்ட்ல உயிருக்கே ஆபத்துன்னா அதுதான். பகல்ல, அதுலயும் விடிஞ்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும் கணுக்கால் பக்கம் வந்து கடிக்குது, கால்ல வெள்ளை வெள்ளையா வரி இருக்குன்னா அது பெரும்பாலும் ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் பரப்புற கோஷ்டி. கடிக்கிறது பொண் கொசு மட்டும்தான், அதுவும் பசிக்காக இல்ல, பசிக்கு செடியோட இனிப்புச் சாறே போதும், ரத்தம் வேண்டியது முட்டை விளையறதுக்கு. ஒரு தடவை நல்லா குடிச்சிருச்சுன்னா சில நாள்ல 100 முட்டை பக்கம் இடும், அதையும் மொத்தமா ஒரே இடத்துல இடாது, கொஞ்சம் இந்தப் பாத்திரத்துல கொஞ்சம் அந்தத் தொட்டியிலன்னு பிரிச்சுப் பிரிச்சு இடும். இங்கதான் பலரும் ஏமாந்து போறாங்க. ஏடிஸ் முட்டை தண்ணிக்குள்ள இருக்காது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல, ஈரமான சுவர்ல கருப்புப் புள்ளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணியைக் கொட்டிட்டு கவுத்து வச்சா போச்சுன்னு நினைப்போம், அந்த முட்டை காஞ்சுபோயே ஆறு எட்டு மாசம் வரைக்கும் உயிரோட இருக்கும், திரும்ப மழையோ குழாய்த் தண்ணியோ ஏறி அதை முக்கினா பொரிஞ்சிடும். அதுலயும் ஒரு தந்திரம், எல்லா முட்டையும் ஒரே தடவையில பொரியாது, கொஞ்சம் இந்தத் தடவை, கொஞ்சம் அடுத்த தடவை. அதனாலதான் நாங்க கொட்டுங்கன்னு மட்டும் சொல்லாம பிரஷ் வச்சு உள்பக்கச் சுவரை அழுத்தித் தேய்ங்கன்னு சொல்றோம்.

பொரிஞ்சதுக்கு அப்புறம் புழு, தலைகீழாத் தொங்கிக்கிட்டு வால்ல இருக்கிற குழாய் வழியா மூச்சு விடும், நிழல் பட்டா சட்டுனு கீழ போயிடும். நாலு கட்டமா வளர்ந்து அப்புறம் கமா மாதிரி வளைஞ்ச கூட்டுப்புழு, அது ரெண்டு நாள் எதுவும் தின்னாம இருந்துட்டு கொசுவா வெளிய வந்துடும். நல்ல வெயில் காலத்துல முட்டை பொரிஞ்சதிலிருந்து கொசு பறக்குற வரைக்கும் ஏழு நாளிலிருந்து பத்து நாள். உங்க பத்து நாள் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். வாரத்துல ஒரு நாள் எல்லாத்தையும் கொட்டித் தேய்க்கணும்னு சொல்றதும் இந்தக் கணக்கை வச்சுத்தான், எட்டாவது நாள் தேய்ச்சா சிலது பறந்து போயிருக்கும். எங்கெல்லாம்னா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ட்ரே (இதைத்தான் யாருமே பாக்குறதில்ல), ஏசி தண்ணி வடியிற பாத்திரம், பூச்சாடி, செடித்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, யூஸ் பண்ணாத டாய்லெட்டோட ஃப்ளஷ் டேங்க், பழைய டயர், மொட்டைமாடியில மூடிப் போட்ட தார்ப்பாய் மடிப்பு, மூடி சரியா உக்காராத மேல்நிலைத் தொட்டி. ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணி போதும். இந்தக் கொசு பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்கு மேல போறதில்ல, அதனால உங்களைக் கடிக்கிறது உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ பொறந்ததுதான். ஏடிஸ் நல்ல தண்ணியில மட்டும்தான் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது முக்கால்வாசி சரி, ஆனா புவெர்ட்டோ ரிக்கோவுல செப்டிக் டேங்க்லயே இது ஏராளமா வளர்றதைக் கண்டுபிடிச்சிருக்காங்க, அதனால செப்டிக் டேங்க் வென்ட் பைப்புக்கும் ஒரு வலை கட்டிடுங்க.

புகை அடிக்கிறதைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. புகை அந்த நேரத்துல அந்த இடத்துல பறந்துக்கிட்டிருக்கிற கொசு மேல பட்டா கொல்லும், அவ்வளவுதான். ஏடிஸ் பாதி நேரம் வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியிலயும் தொங்குற துணிக்குப் பின்னாடியும் உக்காந்திருக்கும், தெருவுல அடிக்கிற புகை அங்க போகாது, முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும். டெங்கு பரவிக்கிட்டு இருக்கும்போது அவசரத்துக்கு அடிக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு, அது ஏன்னா ஒரு கொசு டெங்கு நோயாளியைக் கடிச்சவுடனே அடுத்தவருக்கு பரப்பிட முடியாது, வைரஸ் அது உடம்புல பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர எட்டுல இருந்து பன்னெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் பரப்பும். ஒரு கொசு மொத்தமா வாழ்றதே ரெண்டு மூணு வாரம், மிஞ்சினா ஒரு மாசம், அப்ப ஆபத்தானது வயசான கொசுங்கதான், அதுங்களைக் கொன்னா பரவுறது அந்த நேரத்துக்குக் குறையலாம். ஆனா அடிச்சு முடிச்ச பிறகு டெங்கு கேஸ் எவ்வளவு குறைஞ்சுதுங்கறதுக்கு உறுதியான ஆதாரம் கம்மி, இதை எங்க துறையில எல்லாரும் ஒத்துக்குவாங்க. அதே கணக்குல இன்னொண்ணு, வீட்ல யாருக்காவது டெங்கு காய்ச்சல்னா கொசுவலைக்குள்ள படுக்க வேண்டியது முதல்ல அந்த நோயாளி. காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலிருந்து காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் வரைக்கும் கூட அவங்க ரத்தத்திலிருந்து கொசுவுக்குப் போகலாம்.

இப்ப இருக்கிற ஸ்ப்ரே மருந்தெல்லாம் இல்லாம முடியுமான்னு சந்தேகம் வந்தா 1901-ல கியூபாவோட ஹவானாவுல நடந்ததைப் பாக்கலாம். டிடிடி பூச்சிக்கொல்லியா புழக்கத்துக்கு வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடி, வில்லியம் கோர்காஸ்ங்கற அமெரிக்க ராணுவ டாக்டர் தலைமையில வீடு வீடா தண்ணித் தொட்டியை மூடுறது, மூட முடியாததுல எண்ணெய் ஊத்துறது, நோயாளியை வலைக்குள்ள வைக்கிறது, அறைக்குள்ள புகை போடுறதுன்னு செஞ்சே சில மாசத்துல அந்த ஊரோட மஞ்சள் காய்ச்சலை நிறுத்தினாங்க. மறுபக்கமும் சொல்லிடுறேன், 1958-ல ஏடிஸ் இல்லாத நாடுன்னு அறிவிக்கப்பட்ட பிரேசில்ல 1967-லயே அது திரும்பத் தென்பட்டுச்சு. ஒரு தடவை ஒழிச்சிட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாத பூச்சி இது.

கொட்ட முடியாத தண்ணிக்கு பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து இருக்கு, 1976-ல நெகேவ் பாலைவனத்துல ஒரு குட்டையில கண்டுபிடிச்சது, கொசுப்புழு அதைத் தின்னா குடல் வெடிச்சு செத்துடும், மத்த ஜீவனுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. தின்னாத்தான் சாகும்ங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க, கூட்டுப்புழு தின்னாதுல்ல, அதனால மருந்து போட்ட மறுநாள் நாலு கொசு பறந்தா மருந்து டூப்ளிகேட்னு முடிவு பண்ணிடாதீங்க. ராத்திரி காதுகிட்ட பாட்டுப் பாடுறது பெரும்பாலும் கியூலெக்ஸ், சாக்கடைத் தண்ணி மேல நூறு இருநூறு முட்டையை ஒட்டி ஒரு தெப்பம் மாதிரி மிதக்க விடும், யானைக்கால் நோயைப் பரப்புற வகை இதுல இருக்கு. மலேரியா பரப்புற அனாஃபிலிஸோட புழுவுக்கு அந்த மூச்சுக்குழாய் கிடையாது, அதனால தொங்காம தண்ணி மட்டத்துலயே படுத்த மாதிரி கிடக்கும், உக்காரும்போது கொசு பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு உக்காரும், இதை வச்சு ஓரளவு அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

குழந்தைக்கு என்னன்னா, பகல்ல தூங்குறப்பவும் வலைக்குள்ள போடுங்க, பல வீட்ல ராத்திரி மட்டும் வலை கட்டுறாங்க, ஏடிஸ் அதுக்குள்ள வேலையை முடிச்சிடும். தோல்ல தடவுற கொசுவிரட்டியில டீட், இகாரிடின்ங்கற ரெண்டு மருந்துக்கும் நல்ல ஆதாரம் இருக்கு, ஆனா ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு டீட் வேண்டாம், லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் மூணு வயசுக்குக் கீழ வேண்டாம், எதா இருந்தாலும் குழந்தையோட கையில தடவாதீங்க, வாயில வச்சுக்கும். சிட்ரோனெல்லா மாதிரி வாசனை எண்ணெய் கொஞ்ச நேரம் வேலை செய்யும், சீக்கிரம் ஆவியாயிடும். சத்தம் எழுப்பி கொசுவை விரட்டுற மெஷின், மொபைல் ஆப் இதெல்லாம் வேலை செய்யாது, இதுல சந்தேகத்துக்கே இடமில்ல, பலமுறை சோதிச்சுப் பாத்துட்டாங்க. கொசுவர்த்திச் சுருள் கொசுவைக் குறைக்கும், ஆனா மூடின ரூம்ல கைக்குழந்தை பக்கத்துல அந்தப் புகையை நான் வைக்க மாட்டேன்.

இப்ப கரப்பான். நீங்க சொன்ன அடையாளம், விரல் நகம் நீளம், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புக் கோடு, இது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து ஏறி வர்ற பெரிய செங்காவி நிறக் கரப்பான் வேற, அது அமெரிக்கன், பேருதான் அப்படி, அதோட பூர்வீகம் அங்க இல்ல. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. அமெரிக்கன் ஒரு முட்டைப்பைக்குள்ள பதினஞ்சு முட்டை பக்கம் வச்சு எங்கயாவது ஒட்டிட்டுப் போயிடும், பொரிய ஒண்ணரை மாசம் பக்கம் ஆகும், பெருசாக ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம். வெளிய இருந்து வர்றதுனால சிங்க் பைப்பு, தரை வடிகால் இதுக்கெல்லாம் ஜாலி போட்டு ஓட்டையை அடைச்சாலே பாதிப் பிரச்சனை முடிஞ்சிடும். ஜெர்மன் அப்படி இல்ல, அது வீட்டுக்குள்ளயே பொறந்து வளர்ந்து சாகுறது. ஒரு பையில முப்பது நாப்பது முட்டை, தாய் அதை வயித்து முனையில தூக்கிக்கிட்டே திரியும், பொரியறதுக்கு ஒரு நாள் முன்னாடிதான் கீழ விடும், அதனால ஓரமா கிடக்கிற முட்டைப்பையைத் தேடி நசுக்கிப் பிரயோஜனமில்ல. ரெண்டு மூணு மாசத்துல குட்டி பெருசாகி அதுவும் முட்டையைத் தூக்க ஆரம்பிச்சிடும். பொறந்த குட்டி ஒரு மில்லிமீட்டர் விரிசல்ல கூட நுழைஞ்சிடும். (நடுவுல பால் வெள்ளையா ஒரு கரப்பானைப் பாத்தா புது இனம்னு பயப்படாதீங்க, அது அப்பதான் தோலை உரிச்சிருக்கு, சில மணி நேரத்துல பழுப்பாயிடும்.)

இதுக்கு ஸ்ப்ரே அடிச்சா வெளிய ஓடுறது சாகும், மருந்து வாசனை பிடிக்காம மீதி பக்கத்து ரூமுக்கும் பக்கத்து வீட்டுக்கும் குடி மாறும். ரூமை மூடிட்டு வெடிக்க விடுற ஃபாகர் டப்பா இருக்கே, 2019-ல அமெரிக்காவோட வட கரோலினாவுல நிஜமான வீடுகள்லயே சோதிச்சாங்க, கரப்பான் எண்ணிக்கை குறையவே இல்ல, ஆனா தரையிலயும் கிச்சன் மேடையிலயும் விஷம் படிஞ்சது மட்டும் கூடிப் போச்சு. அதே ஆராய்ச்சியில ஜெல் பெய்ட் (விஷம் கலந்த பசை மாதிரி தீனி) வச்ச வீட்ல நல்லாவே குறைஞ்சுது. ஜெல் ஏன் வேலை செய்யுதுன்னா, தின்ன கரப்பான் உடனே சாகாம இடுக்குக்குப் போய் சாகும், குட்டிங்க பெருசுங்களோட கழிவைத் தின்னும், செத்த உடம்பையும் தின்னும், அப்படி வெளியவே வராத குட்டிக்கும் விஷம் போய்ச் சேருது. ஒரே இடத்துல பெருசா அப்பாம பட்டாணி அளவை விட சின்னதா நிறைய புள்ளி வைக்கணும், அலமாரி கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், அடுப்புக்குக் கீழ, சிங்க்குக்கு அடியில, குழந்தை கை எட்டாத இடுக்கா பாத்து. ஜெல் வச்ச இடத்துல ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அடிச்சா அதுங்க அந்தப் பக்கமே வராது, இந்த ஒரு தப்பை முக்காவாசி வீட்ல பாக்குறேன். ராத்திரி சிங்க்கை ஈரமில்லாம துடைச்சு வச்சு, சிந்தினதை எடுத்துட்டா வேற தீனி இல்லாம ஜெல்லைத் தேடி வரும்.

ஜெல்லும் சில வீட்ல திடீர்னு வேலை செய்யாமப் போகும். பெய்ட்ல இனிப்புக்கு குளுகோஸ் சேர்த்திருந்தாங்க, சில இடத்து ஜெர்மன் கரப்பானுங்க அதை வாயில வச்சதும் பின்வாங்க ஆரம்பிச்சுது, காரணம் 2013-ல வெளிவந்துச்சு, அந்தக் கரப்பானுங்களுக்கு குளுகோஸ் பட்டா கசப்பு உணர்ற நரம்பு வேலை செய்யுது, இனிப்பு கசப்பாத் தெரியுது. இனிப்பைத் தின்னது எல்லாம் செத்துப் போக, தின்னாதது மட்டும் மிஞ்சிப் பெருகினதோட விளைவு. மருந்துக்கு எதிர்ப்பும் இப்படித்தான் வருது, பர்ட்யூ பல்கலைக்கழகத்துல பண்ண 2019 ஆய்வுல ஒரு மருந்தைத் தாங்கிப் பிழைச்ச கரப்பானோட அடுத்த தலைமுறையே அந்த மருந்தோட சேத்து வேற சில மருந்துகளுக்கும் நாலுல இருந்து ஆறு மடங்கு எதிர்ப்பு காட்டுச்சு. ஈ கூட 1940-களோட கடைசியிலேயே டிடிடிக்கு அசையாம நின்னுடுச்சு. இன்னும் பவர்ஃபுல்லா ஒண்ணு வேணும்னு நீங்க கேக்குற வழி எங்க போய் முடியும்னு இதுல தெரியும். ஜெல் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மருந்தோட வகையைப் பாத்து மாத்துங்க, பிராண்டு பேரை மாத்தி உள்ள அதே மருந்து இருந்தா மாத்தினதா அர்த்தமில்ல, லேபிள்ல ஃபிப்ரோனில், இண்டாக்சாகார்ப், ஹைட்ராமெத்தில்நான்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

கரப்பானால வியாதி வருமான்னா, இதைப் பிரிச்சுத்தான் சொல்லணும். சால்மோனெல்லா மாதிரி கிருமிங்களை அது காலிலயும் கழிவிலயும் சுமக்குதுங்கறது நிச்சயம். ஆனா ஒரு வீட்ல வந்த வயித்துப்போக்கு கரப்பானால வந்துதான்னு நிரூபிக்கிறது ரொம்ப கஷ்டம், ஏன்னா கரப்பான் இருக்கிற வீட்ல வேற காரணங்களும் கூடவே இருக்கும். ஆஸ்துமா விஷயம் அப்படி இல்ல, அதுல ஆதாரம் உறுதி. 1997-ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல கரப்பான் அலர்ஜி இருந்து வீட்லயும் கரப்பான் அதிகமா இருந்த குழந்தைங்க ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தது மத்தவங்களை விட மூணு மடங்குக்கு மேல. செத்த உடம்பும் கழிவும் தூளாகி மாசக்கணக்குல அலர்ஜி கொடுக்கும், அதனால கரப்பான் செத்துடுச்சுன்னு விட்டுடாம அலமாரிக்குப் பின்னாடியெல்லாம் ஈரத்துணி போட்டு துடைச்செடுக்கணும்.

ஈயைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, முட்டை ஒரு நாளைக்குள்ள பொரியும், புழு நாலு நாளிலிருந்து ஒரு வாரம் அழுகினதைத் தின்னும், அப்புறம் காஞ்ச மண்ணைத் தேடிப் போய் கூட்டுப்புழுவாகும், வெயில்ல ஏழிலிருந்து பத்து நாள்ல புது ஈ. அதனால ஈரக் குப்பையை மூணு நாளைக்கு மேல வீட்டுப் பக்கத்துல வைக்காம இருந்தா சுழற்சி அறுந்துடும், ஸ்ப்ரேயே தேவையில்ல. ஈக்கு மெல்லத் தெரியாது, எச்சிலைக் கக்கிக் கரைச்சு உறிஞ்சும், கிருமி இடம் மாறுறது அந்த எச்சிலிலயும் காலிலயும் கழிவிலயும்தான். இதுக்கு ஆதாரம் கரப்பானை விட நல்லாவே இருக்கு, 1991-ல வெளிவந்த இஸ்ரேல் ராணுவ முகாம் ஆய்வுல ஈப்பொறி வச்சு ஈயைக் குறைச்சப்போ வயித்துப்போக்குன்னு கிளினிக் வந்தவங்க எண்ணிக்கை 42 சதவீதம் குறைஞ்சுது.

மெத்தை விஷயத்துல முதல்ல மூட்டைப்பூச்சிதானான்னு உறுதி பண்ணுங்க. மெத்தையோட தையல் ஓரம், கட்டில் இணைப்பு, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தா மை தெறிச்ச மாதிரி கருப்புப் புள்ளி, உரிச்ச தோல், வெள்ளையா அரிசி நுனி அளவு முட்டை இதுல ஏதாவது இருக்கணும். ஒண்ணுமே இல்லன்னா அது கொசுவாவோ தெள்ளுவாவோ வேற அலர்ஜியாவோ இருக்கலாம். இருந்தா, வியாதி பயம் மட்டும் வேண்டாம். அது உடம்புக்குள்ள பல கிருமிங்களைக் கண்டுபிடிச்சிருக்காங்க, சாகஸ்ங்கற நோயோட (லத்தீன் அமெரிக்காவுல வேற ஒரு ரத்தம் குடிக்கிற பூச்சி பரப்புறது) கிருமியை ஆய்வகத்துல எலிக்கு மாத்தியும் காட்டியிருக்காங்க, ஆனா நிஜ வாழ்க்கையில மூட்டைப்பூச்சி கடிச்சு மனுஷனுக்கு ஒரு நோய் பரவுனதா இதுவரைக்கும் நிரூபிக்கப்படல. அரிப்பு, சொறிஞ்ச புண், தூக்கம் கெடுறது, அதுவே போதுமான கொடுமைதான். முட்டை ஆறிலிருந்து பத்து நாள்ல பொரியும், அப்புறம் அஞ்சு தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வயிறு ரத்தம் வேணும், சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல காத்திருக்கும், அதனால ரூமைப் பூட்டிப் போட்டுட்டு பத்து நாள் வெளியூர் போறது வேலைக்கு ஆகாது. ஸ்ப்ரேயை விட சூடுதான் இதுக்கு எமன், 50 டிகிரிக்கு மேல நல்லா ஏறின சூடு முட்டையையும் சேத்துக் கொல்லும், துணியை டிரையர்ல அதிக சூட்டில அரை மணி நேரம் போடலாம், இடுக்குல நீராவி மெஷின் ஓட்டலாம். மெத்தையை வெயில்ல போடுறதை மட்டும் நம்பாதீங்க, மேல சூடானா அது உள்ள நிழலுக்கு நகர்ந்துடும். எந்த முறையா இருந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பண்ணணும், முதல் தடவை தப்பிச்ச முட்டை அதுக்குள்ள பொரிஞ்சிருக்கும், அடுத்த முட்டை இடுற வயசுக்கு வந்திருக்காது.

பூனைக்கு தெள்ளு இருந்தா பூனை மேல தெரியுறது மொத்தத்துல சின்னப் பங்கு, மீதி முட்டை, புழு, கூட்டுப்புழுவா தரை விரிப்புலயும் சோஃபா இடுக்குலயும் கிடக்கும். கூட்டுக்குள்ள இருக்கிறதை எந்த மருந்தும் சரியா தொடாது, அது மாசக்கணக்குல காத்திருந்து, நடக்குற அதிர்வும் மூச்சுக்காத்தும் பட்டாத்தான் வெளிய குதிக்கும், அதனால மருந்து போட்டு ரெண்டு மூணு வாரத்துக்கு தெள்ளு வந்துக்கிட்டே இருந்தா மருந்து தோத்துடுச்சுன்னு அர்த்தமில்ல. பூனைக்கு வெட் டாக்டர் சொன்ன மருந்து, தினமும் வேக்குவம், அது படுக்குற துணியை சுடுதண்ணியில துவைக்கிறது, இது மூணும் சேந்து நடக்கணும். நாய்க்குன்னு விக்கிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டா பூனை செத்தே போகலாம், தயவுசெஞ்சு போடாதீங்க.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடப் போறதா எழுதியிருந்தீங்க. கூப்பிடலாம். உள்ள விடுறதுக்கு முன்னாடி மருந்தோட ரசாயனப் பேரு என்ன, எத்தனை தடவை வருவீங்க, எத்தனை நாள் இடைவெளி, முட்டைக்கு என்ன பண்ணப் போறீங்க, குழந்தையை எத்தனை மணி நேரம் கழிச்சு உள்ள கொண்டு வரலாம்னு கேளுங்க. ஒரே தடவையில ஒழிச்சுத் தர்றேன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை வீட்டுக்குள்ள அடிக்கிறதுக்கு எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்காதீங்க, தானியத்துக்குப் போடுற அலுமினியம் பாஸ்பைட் மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கு ரூம்ல வைக்கிறேன்னு சொன்னா அந்த ஆளை வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க, அதிலிருந்து வர்ற பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியா பக்கத்து ரூமுக்குப் போய் தூங்குறவங்களைக் கொன்னிருக்கு, அதுலயும் குழந்தைங்கதான் முதல்ல.